இது ஒத்திகை, மீண்டும் சொல்கிறேன்

நாங்கள் அணு உலை ஓட்டக் கற்றுக்கொண்டது ஒரு பிளைவுட் பலகையின் முன்னால். நிஜ உலை வேறோர் இடத்தில் மெதுவாக எழும்பிக்கொண்டிருந்தது. எந்த நிலையம், எந்த நிறுவனம் என்பதைச் சொல்லாமல் விடுகிறேன். அன்று கூட இருந்தவர்களில் சிலர் இன்னும் என்னோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள், அது தொடர வேண்டும். கட்டடம் முடியும் வரை புதிதாகச் சேர்ந்த பொறியாளர்களைச் சும்மா உட்கார வைக்கக் கூடாது என்று அடையாற்றில் ஒரு வீட்டின் மாடியை வாடகைக்கு எடுத்து எங்களுக்குப் பயிற்சி நடத்தினார்கள். எழுபதுகளின் கடைசி அது.

மாடிக் கூடத்தில் ஒரு சுவர் முழுக்க அந்தப் பலகை நின்றது. மந்தைவெளித் தச்சர் ஒருவர் செய்தது. அதில் சின்னச் சின்னக் கண்ணாடிச் சதுரங்கள் வரிசை வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கோளாறின் பெயர்: பம்ப் நின்றது, அழுத்தம் கூடியது, மட்டம் குறைந்தது. கோளாறு வந்தால் அந்தச் சதுரத்துக்குப் பின்னால் பல்பு மினுக்கும், ஹாரன் அலறும். ‘பார்த்துவிட்டேன்’ என்று பொருள்படும் ஒரு கறுப்புப் பொத்தானை அழுத்தினால் ஹாரன் நின்றுவிடும், பல்பு மினுக்காமல் எரியும். கோளாறு அப்படியேதான் இருக்கும். நிஜக் கட்டுப்பாட்டு அறையிலும் ஏற்பாடு இதேதான்.

பல்புகள் ரிச்சி தெருவில் வாங்கியவை. ஹாரன் மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் கடையில் கிடைத்தது. அது முதலில் லாரியில் இருந்ததா, மில்லில் இருந்ததா, கப்பலில் இருந்ததா என்று எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. முதல் நாள் அதைச் சோதித்தபோது எதிர்வீட்டுத் தென்னையிலிருந்த காக்கைகள் மொத்தமாகக் கிளம்பிப் போயின. சாயங்காலம் வரை ஒன்றுகூடத் திரும்பவில்லை.

கீழே வீட்டுக்கார மாமியும் மாமாவும் இருந்தார்கள். மாமி மதியம் கண்ணயர்ந்து எழுந்த பிறகுதான் ஹாரனைத் தொட வேண்டும் என்பது வாடகை பேசும்போதே போட்ட நிபந்தனை. மாமா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். காது பெரும்பாலும் போய்விட்டது. அந்தத் தெருவிலேயே எங்கள் ஹாரன்மேல் பிரியம் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். “லோகத்துல எனக்கு ஸ்பஷ்டமா கேக்கறது அது ஒண்ணுதாம்மா” என்பார்.

நான் கருவிகள் பிரிவில் சேர்ந்திருந்தேன். சாந்தோமிலிருந்து பஸ்ஸில் வருவேன். அந்தக் குழுவில் ஒரே பெண். மற்றவர்கள் முறைவைத்துப் பலகையின் முன் உட்கார்ந்து பொத்தான்களை அழுத்துவார்கள். என்னை என்ன செய்வது என்று எங்கள் பயிற்சி அதிகாரிக்குத் தெரியவில்லை. நாங்கள் ‘சார்’ என்று மட்டுமே அழைத்த மனிதர் அவர். நல்லவர், பொறுமைசாலி, பதற்றம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேட்டி நுனியைத் தேடுவார். பேண்ட் போட்டிருப்பது அப்புறம்தான் நினைவுக்கு வரும். அவர் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். “உங்க குரல் தெளிவா இருக்கும்மா. ஆம்பளைங்க அவசரத்துல கத்துவாங்க. நீங்கதான் நம்ம தொடர்பாளர்” என்றார். அதாவது உலைக்கு ஏதாவது ஆனால் வெளியுலகத்துக்குப் போன் செய்து சொல்கிற வேலை. உலைக்கு ஏதாவது ஆகும் என்று யாரும் நம்பாததால் எனக்கு வேலை இல்லை. நாவல் படித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கோடையில் அமெரிக்காவில் ஓர் அணுமின் நிலையத்தில் விபத்து என்று பேப்பரில் வந்தது. முதலில் நாலு வரி. அப்புறம் அரைப் பக்கம். சார் ஒவ்வொரு துணுக்கையும் வெட்டி ஒட்டி எங்களுக்கு விளக்கினார். ஒரு வால்வு மூடாமல் நின்றுபோனது, ஆனால் விளக்கைப் பார்த்தவர்கள் அது மூடியதாகவே நினைத்தார்கள், உலையிலிருந்து தண்ணீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒரே நேரத்தில் அலறியதில் எது முக்கியம் என்று யாருக்கும் புரியவில்லை. வெளியே ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். மக்கள் பயந்து காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

“நம்மகிட்ட அந்த மாதிரி குழப்பம் வரக் கூடாது” என்றார் சார். “ஒத்திகை பார்ப்போம். எல்லா எச்சரிக்கையும் ஒண்ணா வரட்டும். அதே நேரத்துல வெளிய செய்தி போகணும். தமிழ்ல போகணும். நிலையத்தைச் சுத்தி இருக்கிறது கிராமங்க. அங்க போய் இங்கிலீஷ்ல ‘ரிலீஃப் வால்வு ஸ்டக்’னு சொன்னா யாருக்குப் புரியும்?”

நாவலை மூடி வைத்துவிட்டு நான் செய்தியை எழுத உட்கார்ந்தேன். முதல் சண்டை முதல் வார்த்தையிலேயே வந்தது. ‘பயிற்சி’ என்றால் தேகப்பயிற்சி என்று நினைப்பார்கள் என்றார் சார். ‘ஒத்திகை’ என்றால் நாடகம் என்று நினைப்பார்கள் என்றார் மேற்கு மாம்பலத்திலிருந்து வந்துகொண்டிருந்த நண்பர். எங்கள் குழுவில் வயதில் மூத்தவர் அவர்தான். ஒத்திகை அன்று பலகைக்குப் பொறுப்பும் அவரே. ஒரு முற்பகல் முழுக்க வாதாடி ‘ஒத்திகை’ என்று முடிவு செய்தோம். மற்றது எளிதாக வந்தது. உலையின் தண்ணீர் மட்டம் வேகமாகக் குறைந்துகொண்டிருக்கிறது. பம்ப்புகள் நின்றுவிட்டன. பொதுமக்கள் பதற்றப்பட வேண்டாம். அடுத்த அறிவிப்பு வரும் வரை வீட்டுக்குள்ளேயே இருக்கவும். சார் படித்துப் பார்த்து, “அருமை, செய்யுள் மாதிரி இருக்கு” என்றார்.

செய்தியைப் பெற வேண்டியவர் எங்கள் பெரிய அதிகாரி. அவர் தி. நகர் அலுவலகத்தில் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவரைப் பற்றிச் சார் என்னை எச்சரித்தார். “அவர் சும்மா கேட்டுக்க மாட்டார். உங்களைச் சோதிக்கிறதுக்காகப் பொதுஜனம் மாதிரி பேசுவார், குறுக்குக் கேள்வி கேட்பார். நீங்க பதில் சொல்லக் கூடாது. முழுசா படிக்கணும், அவரைத் திருப்பிச் சொல்ல வைக்கணும், போனை வச்சிடணும். செய்தியில இல்லாத ஒரு வார்த்தை உங்க வாயில இருந்து வரக் கூடாது. யார் கேட்டாலும்.”

மாடியில் போன் கிடையாது. விண்ணப்பித்து வருடக்கணக்கில் காத்திருக்கும் காலம் அது. கீழே மாமியின் கூடத்தில், பின்னல் துணி போர்த்திய முக்காலியின் மேல் ஒரு கறுப்புப் போன் இருந்தது. டயலில் சின்னப் பூட்டு. சாவி மாமாவின் பூணூலில். ஒத்திகைக்கு அதைப் பயன்படுத்திக்கொள்ள மாமி சம்மதித்திருந்தார்.

கத்திரி வெயில் கொளுத்திய ஒரு நாள் அது. அடையாறு முழுக்கத் தண்ணீர்க் கஷ்டம். கார்ப்பரேஷன் குழாயில் காலையில் கொஞ்சம் நூலாக வரும், அவ்வளவுதான். மாமி வீட்டுக் கிணற்றில் மட்டும் அடியில் தண்ணீர் கிடந்தது. மாமி தூங்கி எழுந்து காபி போட்டு முடித்ததும் சார் பலகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். பல்புகளை எரிய வைக்கும் விசைகள் எல்லாம் அங்கேதான். அங்கே போகும்போது அவர் முகத்தில் தீபாவளிக்கு முதல் நாள் இருக்கும் பிள்ளைகளின் களை இருந்தது.

முதலில் ஒரு சதுரம் மினுக்கியது. ஹாரன். மாம்பலத்து நண்பர் பொத்தானை அழுத்தினார். அமைதி. இரண்டாவது. ஹாரன். பொத்தான். அப்புறம் மூன்று நான்கு சேர்ந்து வந்தன. பிறகு எண்ண முடியவில்லை. ஹாரன் நிற்பதும் அலறுவதுமாக இருந்தது. நண்பர் ஒரு கையால் பொத்தானை அழுத்திக்கொண்டு மறு கையால் என்னை நோக்கிக் கதவைக் காட்டினார். போ, போய்ச் சொல் என்று அர்த்தம்.

நான் படிகளில் இறங்கி ஓடினேன். போன் பூட்டியிருந்தது.

“மாமா, சாவி!” என்றேன்.

ஈஸிசேரில் கண்மூடி ஹாரனை ரசித்துக்கொண்டிருந்த மாமா நிமிர்ந்தார். “காபியா? இப்பத்தானே ஆச்சு. நீ சாப்பிடறியா?”

“சாவி, மாமா. பூட்டு! பூட்டு!” விரலால் திருகிக் காட்டினேன். மாமா பூணூலைப் பிடித்து மேலே இழுத்து, குனிந்து, சாவி கோத்திருந்த பூணூலோடு போன் பக்கமே தலையைக் கொண்டுவந்து பூட்டைத் திறந்தார். தலையை நிமிர்த்த முடியாமல் கொஞ்ச நேரம் சிக்கிக்கொண்டார். விடுவித்தேன். எண்ணைச் சுழற்றினேன். சரியாகத்தான் சுழற்றினேன் என்று இன்றுவரை சொல்வேன். ஆனால் அந்தக் காலத்து டெலிபோனில் நாம் யாருடன் பேச வேண்டும் என்பதை முடிவு செய்வதில் நமக்கு ஒரு பங்குதான் உண்டு.

மறுமுனையில் எடுத்தார்கள். பின்னால் நிறைய பேர் பேசும் சத்தம். “யாரு பேசுதது?”

“கட்டுப்பாட்டு அறையிலிருந்து பேசுகிறேன். இது ஒத்திகை. மீண்டும் சொல்கிறேன், இது ஒத்திகை.”

“ஒத்திகையா? நாடகக்காரங்களா? சேலை எல்லாம் இரவல் குடுக்கதில்லம்மா. போன தடவ குடுத்தது அம்புட்டும் ரோஸ் பவுடரோட திரும்பி வந்துச்சு. வேற கடயப் பாருங்க.”

பெரிய அதிகாரி குறுக்குக் கேள்வி கேட்பார் என்று தெரியும். ஆனால் இவ்வளவு நன்றாகத் திருநெல்வேலித் தமிழ் பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பின்னணியில் புடவைக்கடைச் சத்தம்கூட ஏற்பாடு செய்திருக்கிறாரே என்று மரியாதை கூடியது. நிறுத்தாமல் படித்தேன்.

“உலையின் தண்ணீர் மட்டம் வேகமாகக் குறைந்துகொண்டிருக்கிறது.”

“உலையா? அரிசி போட்டாச்சா?”

“பம்ப்புகள் நின்றுவிட்டன.”

“ஏ, உலையில தண்ணி கொறஞ்சா மேக்கொண்டு ரெண்டு செம்பு ஊத்த வேண்டியதுதான? இதுக்கா போன் போடுதீய?”

உலையில் தண்ணீர் குறைந்தால் என்ன செய்வாய் என்ற கேள்விக்கு எங்கள் தேர்வில் இதே பதிலை எழுதினால் சார் முழு மதிப்பெண் போடுவார். “பொதுமக்கள் பதற்றப்பட வேண்டாம்” என்றேன் நான். “அடுத்த அறிவிப்பு வரும் வரை வீட்டுக்குள்ளேயே இருக்கவும். செய்தி முடிந்தது. திருப்பிச் சொல்லுங்கள்.”

“என்னத்தத் திருப்பிச் சொல்ல?” பிறகு ஒப்பித்தார். “உலையில தண்ணி இல்ல. பம்பு ஓடல. யாரும் பயப்படக் கூடாது, வெளிய வரக் கூடாது. சரிதானா? ஏம்மா, நீ யாரு வீட்டுப் புள்ள? வீட்ல பெரியவங்க யாரும் இல்லயா?”

“நன்றி” என்று வைத்துவிட்டேன். திருப்பிச் சொன்னதில் ஒரு பிழை இல்லை. எனக்கு ஒரே பெருமை.

திரும்பினால் பின்னால் மாமி. கையில் காபி டவரா. நான் ‘ஒத்திகை’ என்று சொன்ன இரண்டு தடவையும் மாடியில் ஹாரன் அலறியிருக்கிறது. பாக்கி எல்லாம் அவர் காதில் தெளிவாக விழுந்திருக்கிறது.

“என்னடிம்மா சொல்றே? தண்ணி நின்னுடுத்தா?”

செய்தியில் இல்லாத ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரக் கூடாது. யார் கேட்டாலும். “பொதுமக்கள் பதற்றப்பட வேண்டாம், மாமி” என்றேன்.

மாமியின் முகம் மாறியது. “எப்போலேர்ந்து?”

“அடுத்த அறிவிப்பு வரும் வரை வீட்டுக்குள்ளேயே இருக்கவும்” என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினேன்.

மாமி வீட்டுக்குள் இருக்கவில்லை. காம்பவுண்டுச் சுவருக்குப் போனார். பக்கத்து வீட்டு அம்மாளைக் கூப்பிட்டு, மாடியில் கவர்மெண்ட் ஆபீசுக்கே தகவல் வந்துவிட்டது, ஊரெல்லாம் பம்ப் நின்றுவிட்டது, வெளியே சொல்லக் கூடாதென்று அந்தப் பெண் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள் என்றார். இதெல்லாம் பிறகு வாசல் கேட்டில் இருந்த எங்கள் வாட்ச்மேன் சொல்லித் தெரிந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் அடுத்த வீட்டுக்குச் சொன்னார். மாமி உள்ளே போய்க் கிணற்று மோட்டாரைப் போட்டுவிட்டு அண்டா, தவலை, பக்கெட், இட்லிப் பானை என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கத் தொடங்கினார்.

மாடியில் நிலைமை முற்றியிருந்தது. கறுப்புப் பொத்தான் அழுத்தி அழுத்தி உள்ளேயே சிக்கிக்கொண்டது. ஹாரன் இப்போது நிற்பதே இல்லை. பலகை முழுக்கக் கல்யாண வீட்டு சீரியல் விளக்கு மாதிரி மினுக்கிக்கொண்டிருந்தது. மாம்பலத்து நண்பர் சிக்கிய பொத்தானைப் பேனாக்கத்தியால் நெம்பிக்கொண்டே ஏதோ கத்தினார். பக்கத்திலிருந்தவர் தலையாட்டிவிட்டு அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நண்பர் அதைக் குடித்துவிட்டு மறுபடியும் கத்தினார். மறுபடியும் தண்ணீர் வந்தது. பலகைக்குப் பின்னாலிருந்த சாருக்கு எங்கள் குரல் எதுவும் கேட்கவில்லை. எல்லாம் நன்றாகப் போகிறது என்று அவர் மேலும் விசைகளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

நான் ஒரு தாளில் ‘செய்தி சொல்லியாயிற்று’ என்று எழுதி நண்பரிடம் காட்டினேன். அவர் கட்டைவிரலை உயர்த்தினார்.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. ரப்பரும் அரக்கும் சேர்ந்து கருகும் வாடை. சன்னல் வழியாக லேசாகப் புகையும் வந்தது. நண்பர் மூக்கை உறிஞ்சினார். முகத்தில் வியப்பு. என் காதருகே வந்து, “சார் புகைகூட செட்டப் பண்ணியிருக்காருங்க! ரொம்ப நேச்சுரலா இருக்கு!” என்று கத்தினார். எங்களில் ஒருவர் அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

புகை சாரின் ஏற்பாடு அல்ல. கீழே மாமி மட்டுமல்ல, செய்தி கேட்டு வந்த தெருவே அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. கோடைக் கிணறு, அடியில் இருந்த தண்ணீர் அத்தனையும் ஏறிவிட்டது. மோட்டார் வெறும் காற்றை இழுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிக் காய்ந்து புகைந்தது. அது போட்ட சத்தத்தைக் கேட்க வேண்டியவர்களின் காதில் எங்கள் ஹாரன் மட்டுமே விழுந்தது. தண்ணீர் இல்லாமல் பம்ப் ஓடினால் என்ன ஆகும் என்று அந்த மாதம் முழுக்கப் படித்த பொறியாளர்கள் ஒரு கூடம் நிறைய அதற்கு மேலே நின்றுகொண்டிருந்தோம்.

புகை கடைசியில் சாரின் மூக்குக்கும் எட்டியது. அவர் தன்னுடைய வயர்கள்தாம் எரிகின்றன என்று நினைத்தார். பலகைக்குப் பின்னாலிருந்து வேகமாக வெளியே வந்து, படியில் பாதி இறங்கி, அந்த வீட்டின் மெயின் சுவிட்சையே கீழே இழுத்துவிட்டார். பல்புகள் அணைந்தன. ஹாரன் ஒரு நீண்ட பெருமூச்சோடு இறங்கி நின்றது. கீழே மோட்டாரும் நின்றது. முழுக்கக் கருகாமல் அது தப்பியது அந்தத் தவறான முடிவால்தான்.

அமைதியில் முதலில் கேட்டது மாமாவின் குரல். “ஏன் நிறுத்திட்டேள்? நன்னாத்தானே இருந்துது?”

அடுத்துக் கேட்டது ஒரு கூட்டத்தின் இரைச்சல். பால்கனிக்குப் போய்ப் பார்த்தோம். வாசலிலிருந்து தெருமுனை வரை ஆட்கள். குடம், பக்கெட், பிளாஸ்டிக் வாளி, ஒருவர் கையில் பால்குக்கர். எங்கள் வாட்ச்மேன் கேட்டின் மேல் ஒரு காலை வைத்து நின்று வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் மேலே நிமிர்ந்து, “இன்னா சார், தண்ணி கீதா இல்லியா? அத்த மட்டும் சொல்லு. ஜனம் கேட்டுக்கினே கீது, எனக்கு ஒண்ணும் பிரியல” என்றார்.

சார் திகைத்துப்போனார். அவர் வாழ்க்கை முழுவதும் இந்தத் தருணத்துக்குத் தயார் செய்தது போல இருந்தது நிலைமை: பதற்றத்தில் இருக்கும் பொதுமக்கள், பால்கனியில் அதிகாரி. கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியைத் தேடினார். கிடைக்காமல் மறுபடி மாட்டிக்கொண்டார்.

“சார் பேசறாரு, அல்லாரும் கம்னு கெடங்க!” என்று வாட்ச்மேன் அதட்டினார். தெரு அடங்கியது.

“பொதுமக்கள்” என்று தொடங்கினார் சார், “பதற்றப்பட வேண்டாம்.”

அப்புறம் வரிசையின் நடுவிலிருந்து ஒரு பெண், “அப்ப நெசந்தான்!” என்று அலறினார். அவ்வளவுதான், வரிசை கலைந்து எல்லோரும் கேட்டை நெருக்கினார்கள். வாட்ச்மேன் கேட்டோடு சேர்ந்து உள்ளே வந்துவிட்டார்.

சார் அதே வாக்கியத்தை இன்னும் சத்தமாகச் சொல்ல வாயெடுத்தார். நான் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். அதிகாரியின் சட்டையைப் பிடிப்பது விதிகளில் இல்லாத செயல். ஆனால் அவரே அதை அப்போது கவனிக்கவில்லை. நான் கீழே இறங்கி, புகைந்துகொண்டிருந்த மோட்டாரைத் தாண்டிப் போய் மாமி வீட்டுத் துணி துவைக்கும் கல்லின் மேல் ஏறி நின்றேன். கையில் தாள் இல்லை. படிக்க ஒன்றும் இல்லை.

“இந்த வீட்டு மோட்டார் கெட்டுப் போச்சு. அவ்வளவுதான்” என்றேன். “கார்ப்பரேஷன் தண்ணி எப்பவும் போல காலைல வரும். பம்ப் எதுவும் நிக்கல. நாங்க மாடில நாடகம் மாதிரி ஒண்ணு பண்ணிப் பாத்தோம். நான் போன்ல சொன்னது அந்த நாடக வசனம்.”

“நாடகமா?” என்றார் பால்குக்கர் வைத்திருந்தவர். “எந்த சபாவுல?”

“சபா இல்லீங்க. ஆபீஸ்ல.”

“ஆபீஸ்ல நாடகம் போடுறீங்களா?” என்று பெருமூச்சு விட்டார் அவர். “எங்க ஆபீஸ்லயும் அப்பிடித்தான்.” ஆங்காங்கே சிரித்தார்கள். சிரிப்பு வந்ததும் கூட்டம் கலைந்து ஆளாளாகப் பிரிந்தது. சிலர் என்னைத் திட்டிவிட்டுப் போனார்கள். ஒருவர், எப்படியும் வந்தாயிற்று என்று, மாமி பிடித்து வைத்த அண்டாவிலிருந்து அரைக் குடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

சாயங்காலம் பெரிய அதிகாரி அம்பாசடரில் வந்து இறங்கினார். தி. நகரில் போனுக்குப் பக்கத்தில் அரை நாள் உட்கார்ந்து காத்திருந்தவர். சாப்பிடக்கூட எழுந்து போகவில்லையாம். போன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. ஒத்திகையைத் தள்ளிவைத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று கேட்க வந்திருந்தார். அவர் வாயைத் திறந்ததும்தான் எனக்கு விஷயம் உறைத்தது. நல்ல தஞ்சாவூர்த் தமிழ்.

“அப்ப நான் பேசினது யார்கிட்ட, சார்?” என்று கேட்டேன்.

“என்கிட்ட இல்லம்மா” என்றார் அவர்.

நடந்ததை எல்லாம் சார் மறைக்காமல் சொன்னார். பெரிய அதிகாரி இடையில் ஒரு தடவை கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். கோபமா சிரிப்பா என்று எங்களுக்குத் தெரியவில்லை. கடைசியில், “சரி, தகவல் தொடர்பு எப்படி இருந்தது? ஒரு வரியில் சொல்லுங்கள்” என்றார்.

மாம்பலத்து நண்பர் எழுந்து நின்றார். “செய்தி ரொம்ப வேகமாப் பரவிச்சு, சார்” என்றார்.

எவ்வளவு வேகம் என்பது வீட்டுக்குப் போனபோதுதான் எனக்கே தெரிந்தது. சாந்தோமில் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தால் காலை வைக்க இடமில்லை. தரையெல்லாம் பாத்திரம். டம்ளர், கிண்ணம், பூச்சாடி வரை நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தன. மாதா படத்துக்கு முன்னாலிருந்த கண்ணாடிக் கிண்ணத்திலும் தண்ணீர்.

“உனக்கு விஷயம் தெரியாதா?” என்றார் அம்மா. “அடையாறு பக்கம் பெரிய பம்ப் வெடிச்சிடுச்சாம். நாலு நாளைக்குத் தண்ணி கிடையாதாம். யாரோ ஒரு பொண்ணு கவர்மெண்ட்டுலேர்ந்து போன் பண்ணிச் சொன்னாளாம். பாவம், வேலை போனாலும் பரவாயில்லன்னு உண்மையைச் சொல்லியிருக்கா. நல்ல பொண்ணு.”

நான் மறுக்கவில்லை. பாத்திரங்களைத் தாண்டித் தாண்டி அறைக்குப் போய்ப் படுத்துவிட்டேன். நான் வந்த பஸ்ஸைவிட வதந்தி முன்னால் வந்திருந்தது. மறுநாள் குழாயில் வழக்கம்போல நூலாகத் தண்ணீர் வந்தபோது, அந்தப் பெண் சொன்னதால்தான் பயந்துபோய் உடனே சரி செய்துவிட்டார்கள் என்றார் அம்மா.

மோட்டார் பட்டறைக்குப் போய்ப் புதுக் கம்பிச் சுருள் சுற்றிக்கொண்டு வந்தது. மாமி ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை. எட்டாம் நாள் அவரே மாடிக்கு வந்தார். கையில் ஒரு தட்டு அப்பளம். “அந்தக் காகிதத்தைக் கொண்டா பார்க்கலாம்” என்றார். நான் படித்துக் காட்டிய செய்தியைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். “இதுல என்ன பண்ணணும்கிறது கடைசியில வரது. நான் அதுக்குள்ள கிணத்தடிக்குப் போயிடுவேனே. முதல்ல அதைச் சொல்லு. அப்புறம் எதுக்குன்னு சொல்லிக்கலாம். பதற்றப்படாதேங்கிறதை எடுத்துடு. அதைக் கேட்டாத்தான் எனக்குப் படபடங்கறது.”

சார் அன்றே ஒரு புது முறையைத் தொடங்கினார். நான் ஒவ்வொரு வரைவையும் எழுதி எடுத்துக்கொண்டு கீழே போவேன். மாமி ஊஞ்சலில் உட்கார்ந்திருப்பார். சார் தள்ளி நின்று அவர் முகத்தைப் பார்ப்பார். நான் படிக்கப் படிக்க மாமியின் கால் தரையில் ஊன்றினால் அந்த வரைவு தோல்வி. ஊஞ்சல் ஆட்டம் நிற்காமல் இருந்தால் வெற்றி. ஐந்தாறு வரைவுகளில் மாமி எழுந்துவிட்டார். ஒன்றில் ஊஞ்சல் மெதுவானது, நிற்கவில்லை. “இது பரவாயில்லை” என்றார் சார். இன்னும் கொஞ்சம் திருத்தினோம். கடைசி வரைவைப் படித்து முடித்தபோது மாமி ஆடிக்கொண்டே, “சரி, ஆத்துக்குள்ளயே இருக்கேன். ஜன்னலைச் சாத்திக்கறேன். அப்புறம்?” என்றார். சார் என்னைப் பார்த்த பார்வையில் நோபல் பரிசு கிடைத்தவரின் நிறைவு இருந்தது.

ஆடி மாதம் ஒரு மழை நாளில் இரண்டாவது ஒத்திகை நடந்தது. இந்த முறை போனில் எதிர்முனை யாரென்று கேட்டு உறுதி செய்த பிறகே படிக்க வேண்டும் என்று விதி வந்திருந்தது. ஒரே தடவையில் தி. நகர் கிடைத்தது. பெரிய அதிகாரியே எடுத்தார். வார்த்தை மாறாமல் திருப்பிச் சொன்னார். மாடியில் எச்சரிக்கைகள் முறையாக வந்தன, முறையாக அடங்கின. தெருவில் ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

சார் பலகைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“அவ்வளவுதானா?” என்றார்.

“அவ்வளவுதான், சார்” என்றோம்.

அவர் முகத்தில் லேசான ஏமாற்றம் தெரிந்தது. பிறகு, “பரவாயில்லை, இப்படித்தான் இருக்கணும்” என்று தனக்கே சொல்லிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, எல்லோரையும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலிருந்த ஓட்டலுக்கு போண்டா சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார்.